மேட்ச் பார்த்தபோது நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மாடிவீட்டுக்காரன்

2023 ஐபிஎல் ஃபைனல், நம்ம சென்னை டீம் குஜராத்தோடு. மழை, ரிசர்வ் டே, மறுபடியும் மழை, 15 ஓவரில் 171 என்று மாற்றியது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது கடைசி இரண்டு பந்து மட்டும்.

நள்ளிரவு தாண்டி மணி ஒன்றரை. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நான் ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 13 ரன் வேண்டிய கடைசி ஓவரில் குஜராத்தின் மோகித் சர்மா நாலு பந்துக்கு மூணே ரன் கொடுத்திருந்தார். இரண்டு பந்தில் பத்து. என் திரையில் குஜராத் கேப்டன் ஹர்திக் பாண்டியா அவரிடம் வந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்.

அப்போது எதிர்வீட்டில் ஒரு கத்தல். அப்பா, பையன் இரண்டு பேர் குரலும். அவர்கள் வீட்டில் கேபிள், ஃபோனுக்கு முன்னாலேயே வந்துவிடும். சிக்ஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஃபோனில் மோகித் இன்னும் ஓடிவரவே தொடங்கவில்லை. அப்புறம் ஓடிவந்தார், போட்டார், ஜடேஜா நேராகத் தூக்கி அடித்தார். அதன் ரீப்ளே ஓடும்போதே அடுத்த கத்தல். இந்த முறை கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டில் ஓடுகிற சத்தமும் சேர்ந்து வந்தது.

ஃபைன் லெக் பக்கம் அந்த ஃபோர் போனதையும் முழுசாகப் பார்த்தேன். கையைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த ராத்திரி ஆப்பில் ஒரே நேரத்தில் மூணு கோடிக்கும் மேல் பேர் இருந்தார்கள் என்று மறுநாள் செய்தி. 2008இலிருந்து பார்க்கிற டீம், அஞ்சாவது கப், அதுவும் கடைசிப் பந்தில். எனக்கு முன்னால் எதிர்வீட்டுச் சுவருக்குத் தெரிந்தது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

லாங் ஆன்

என்னுடையது 2018 ஏப்ரல் 10. சென்னை டீமுக்கு இரண்டு வருஷத் தடை முடிந்து சேப்பாக்கத்தில் முதல் மேட்ச், கொல்கத்தாவோடு. வெளியே காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம். ஜெர்சியை பைக்குள் வைத்துக்கொண்டு, மேலே சாதாரணச் சட்டையோடு வாலாஜா சாலையில் நடந்தேன்.

என் அப்பா வயசு ஒருவர் எதிரே வந்து நின்றார். கத்தவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். தஞ்சாவூர் பக்கம் என்றேன். "உங்க அப்பா அங்க தண்ணிக்கு என்ன பண்றாரு?" என்றார். அந்த வருஷம் நாங்கள் குறுவை போடவே இல்லை. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

உள்ளே லாங் ஆன் பக்கம் ஜடேஜா நின்றுகொண்டிருந்தபோது கேலரியிலிருந்து ஒரு ஷூ வந்து விழுந்தது. டூ பிளெஸ்ஸியும் எங்கிடியும் பயிற்சி உடையில் எல்லைக்கோட்டருகே இருந்தார்கள், அவர்கள் வந்து அப்புறப்படுத்தினார்கள். ரஸ்ஸல் 88 அடித்தார், பில்லிங்ஸ் 23 பந்தில் 56 அடித்தார், ஜடேஜா சிக்ஸோடு முடித்தார். நானும் எல்லோரோடும் சேர்ந்து கத்தினேன். ஆனால் அந்த மேட்சை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பெரியவர் கேட்ட கேள்விதான்.

காதால் பார்ப்பவன்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எல்லா மேட்சும் கேட்பதுதான். சொல்கிறவர் ஒழுங்காகச் சொன்னால் அதில் ஒரு குறையும் கிடையாது.

வானொலியில் அப்துல் ஜப்பார் வர்ணனை கேட்டு வளர்ந்தவன் நான். பந்து எங்கே குத்தியது, மட்டை எந்தப் பக்கம் திரும்பியது, கவரில் நிற்பவர் வலப்பக்கம் ஓடுகிறாரா இடப்பக்கமா, எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு முன்னால் தடுத்தார், எல்லாம் வந்துவிடும். மைதானத்தின் நீள அகலமே எனக்கு அப்படித்தான் தெரியும். 2018இல் தமிழுக்கென்று தனிச் சேனலில் ஐபிஎல் வந்தபோது எங்கள் வீட்டில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

போன சில வருஷங்களில் ஒரு மேட்ச். எந்த மேட்ச், யார் பேசினார்கள் என்பது வேண்டாம். கடைசி ஓவர். வர்ணனையில் இரண்டு பேர் ஒரு வீரர் என்ன சாப்பிடுவார் என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் திடீரென்று "ஐயோ! போச்சு, போச்சு, போச்சு!" என்று ஒரு கத்தல். கூட்டத்தின் இரைச்சல். உடனே விளம்பரம்.

போனது பந்தா, விக்கெட்டா? அக்கா பையன் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். ஒரு சிமெண்ட் விளம்பரம், ஒரு பெயிண்ட் விளம்பரம், அப்புறம் ஏதோ ஃபோன். அது முடிகிற வரைக்கும் என் டீம் ஜெயித்ததா தோற்றதா என்றே தெரியாமல் சோபா விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் படம் இருக்கிறது, எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. படம் எல்லோருக்கும் இல்லை.

ஜே ஸ்டாண்டுக்குப் பக்கத்து சீட்

லாங் ஆன், நீங்கள் எழுதியதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவன் எவனும் காவிரிக்கு எதிரி இல்லை. ஒரு மேட்ச் முடிந்ததும் பாக்கி ஆறு ஹோம் மேட்சையும் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் ஒரு சொட்டு தண்ணீர் கூடுதலாக வந்ததா? ஊர்க்காரனுக்கு ஊர் டீம் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

ரசிகர்களுக்கென்று விட்ட அந்த விசில் போடு எக்ஸ்பிரஸ் ரயிலில் போனவன் நான். ஆயிரம் பேர் அளவுக்கு மஞ்சள் சட்டை, சென்ட்ரலில் ஏறி புனே வரைக்கும். பக்கத்து பெர்த்தில் ஒரு அம்மா, கல்லூரி படிக்கிற மகளோடு வந்திருந்தார். அதுவரை மாநிலம் தாண்டியதே இல்லையாம். மறுநாள் ராஜஸ்தானோடு வாட்சன் 106 அடித்தபோது அந்த அம்மா விசிலடிக்கத் தெரியாமல், இரண்டு விரலை வாயில் வைத்து வெறும் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது, ஊதுவதை நிறுத்தவில்லை. எனக்கு அதுதான் அந்த சீசன். ஃபைனல்கூட அப்புறம்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊர் டீம் ஊரில் ஆடாமல் போவது போராட்டத்தால் மட்டும் நடப்பதில்லை. 2012க்குப் பிறகு சேப்பாக்கத்தின் ஐ, ஜே, கே மூன்று ஸ்டாண்டும் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. 2019 ஃபைனல் சேப்பாக்கத்தில் நடந்திருக்க வேண்டியது, அந்த மூன்றைத் திறக்க அனுமதி இல்லை என்று ஹைதராபாத்துக்குப் போனது. அவற்றைத் திறக்கிற வரைக்கும் நிரம்பிய மைதானம் என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலி வரிசைதான் என் கண்ணில் படும். டீமை 9.1 கோடி டாலருக்கு வாங்கியது கம்பெனி, மைதானச் சங்கதி கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும், ஒளிபரப்பு வேறொருவருக்கு. ரசிகனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அப்படியிருக்க, மேட்சுக்குப் போனதற்கு ரசிகனே ஏன் குற்றவாளி மாதிரி தலைகுனிய வேண்டும்?

லாங் ஆன்

தலைகுனிந்தேன் என்று நான் எழுதவில்லையே. அந்தப் பெரியவர் என்னை மேட்சுக்குப் போகாதே என்று சொல்லவும் இல்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் ரயில் அனுபவம் பொய் என்று யாரும் சொல்லவில்லை, இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தவை.

செட் டாப்

மாடிவீட்டுக்காரர் பிரச்சினைக்கு வருகிறேன். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதை நண்பனின் வாட்ஸ்அப்பில் தெரிந்துகொண்டவன் நான். அதற்கப்புறம் இதை விடாமல் படித்தேன்.

கேபிள், டிஷ் இரண்டிலும் சிக்னல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் வரை போய்த் திரும்ப கால் வினாடிதான். மற்றபடி சுருக்குவது, விரிப்பது எல்லாம் சேர்த்து சில வினாடிகள். ஆப் அப்படியில்லை. வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் தயாரித்து ஊர் ஊராக இருக்கிற சர்வர்களுக்கு அனுப்புவார்கள். உங்கள் ஃபோன் ஒரு துண்டு வந்ததும் போட்டுவிடாது, நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று இரண்டு மூன்று துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம்.

செய்ய வேண்டியது: மேட்ச் நேரத்தில் வாட்ஸ்அப், ஸ்கோர் ஆப் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். படம் ஒருமுறை நின்று சுற்றினால் அந்தப் பின்தங்கல் அப்படியே தங்கிவிடும், "லைவ்" பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் ஆப்பை மூடித் திறங்கள். 4கே வைத்தால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள், படம்தான் தெளிவாகும். ஒரே வீட்டில் ஒருவர் டிவியிலும் ஒருவர் ஃபோனிலும் பார்க்காதீர்கள், சண்டை வரும்.

ஐபிஎல்லின் டிவி உரிமையும் இணைய உரிமையும் மறுபடி இரண்டு கம்பெனிக்குப் பிரிந்தது 2022 ஏலத்தில். அதற்கு முந்தைய ஐந்து வருஷம் டிவி, இணையம் இரண்டும் 16,347.5 கோடி ரூபாய்க்கு ஸ்டாரிடம் ஒன்றாக இருந்தது. 2023 முதல் 2027 வரை மொத்தம் 48,390 கோடி. அதில் இந்தியாவுக்கான டிவி உரிமை 23,575 கோடிக்கு ஒரு பக்கம், இணைய உரிமை 20,500 கோடிக்கு இன்னொரு பக்கம். போட்டி போட்டுக்கொண்டு ஆப்பில் இலவசமாகக் காட்டினார்கள். அப்புறம் இரண்டு கம்பெனியும் இணைந்தன, 2025இல் ஆப்பும் ஒன்றானது. இலவசமும் பழையபடி இல்லை. என்னைக் கேட்டால், சீசனுக்கு மட்டுமாவது டிஷ்ஷோ கேபிளோ போட்டுக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டுக்காரன்

விவரத்துக்கு நன்றி சார். ஆனால் நான் வழி கேட்கவில்லை. அந்த இரண்டு பந்து திரும்ப வராது.

நீலச்சட்டை

எல்லோரும் கிரிக்கெட்டே எழுதுகிறீர்கள். 2015 டிசம்பர் 20, ஐஎஸ்எல் கால்பந்து ஃபைனல், நம்ம சென்னையின் எஃப்சி டீம் கோவாவோடு. வெள்ளம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சென்னையின் எஃப்சி அரையிறுதி ஹோம் மேட்சே வெள்ளத்தால் புனேவுக்குப் போய்விட்டது. முடிச்சூரில் எங்கள் வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு இடுப்பு உயரத்துக்கு நின்றது. டிவி போச்சு, கேபிள் இல்லை.

மதுரையிலிருந்து சித்தப்பா தன் ஃபோனை டிவி பக்கத்தில் வைத்து எனக்குக் கேட்க விட்டார். 87ஆவது நிமிடம் கோவா 2-1. சித்தப்பா "விடுடா, வைக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். 90இல் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையிலேயே பட்டு உள்ளே போனது. அப்புறம் நம்ம மெண்டோசா. சித்தப்பாவுக்குக் கால்பந்து தெரியாது. "அந்தக் கொலம்பியாக்காரன் உள்ள தள்ளிட்டான்டா!" என்று அவர் கத்தியதுதான் எனக்கு அந்த கோல். பக்கத்தில் அம்மா துடைப்பத்தோடு நின்று என்னவென்று கேட்டார். கப் ஜெயித்துவிட்டோம் என்றேன். "நல்லது, இந்தப் பக்கம் பிடி" என்று பீரோவைக் காட்டினார்.

அப்பாயி வீடு

எங்கள் அப்பாயிக்கு எழுத்து தெரியாது, ஸ்கோர் படிக்க மாட்டார். தோனி இறங்கும்போது கேமரா தூரத்தில் படிக்கட்டைக் காட்டும் பாருங்கள், முகம் தெரியாத அந்த நிலையிலேயே நடையைப் பார்த்து "வந்துட்டான்" என்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

2019இல் சேனலுக்குச் சேனல் காசு என்று ஆனபோது எங்கள் பேக்கேஜில் விளையாட்டுச் சேனல் விழுந்துவிட்டது. தூர்தர்ஷனில் வருமே என்றார்கள். தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்கிற 2007 சட்டம் இந்திய அணி ஆடும் ஆட்டங்கள் மாதிரி அரசு அறிவித்தவற்றுக்குத்தான், ஐபிஎல் அதில் கிடையாது. இந்தியா மேட்சுக்கே 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி ஆண்டெனாவிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் தெரியும், கேபிள் வழி வரும் தூர்தர்ஷனில் தெரியாது. இதை அப்பாயிக்கு யார் விளக்குவது?

அதனால் என் ஃபோன். சொம்பில் சாய்த்து வைத்துக் கொடுத்தேன். இரண்டு பந்துக்கு நடுவில் விளம்பரம் வந்து படத்தை ஓரத்துக்குத் தள்ளும். தோனி இறங்கினார். திரையில் அரிசி மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. அப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபோனைக் கையில் எடுத்துக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "யாருடா இவன், ரைனாவா?" என்று கேட்டார். ரைனா ஆடுவதை நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு.

கேபிள்காரரிடம் பேசி அந்த ஒரு சேனலை மட்டும் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

காதால் பார்ப்பவன்

போட்டதும் தமிழ் ஒலியா ஆங்கிலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி, சில பெட்டியில் ரிமோட்டில் மொழியை மாற்ற வேண்டியிருக்கும். நீலச்சட்டை, உங்கள் சித்தப்பா சொன்ன மாதிரி யாராவது டிவியில் சொன்னால் எனக்குப் போதும். யார் அடித்தான், உள்ளே போனதா என்பது இரண்டும் அதில் இருக்கிறது.