எஃப்எஸ்ஏ போடலாமா? ஹெச்1பி, லேஆஃப் பேச்சு வேறு

எடிசன்வாசி:
இங்கே அமெரிக்காவில் எங்கள் கம்பெனியில் ஓப்பன் என்ரோல்மென்ட் (அடுத்த வருஷச் சலுகைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம்) வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. 2026-க்கு மூன்று கணக்குகள் இருக்கின்றன. மருத்துவச் செலவுக்கு ஹெல்த் எஃப்எஸ்ஏ (செலவுக்கென்று சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு), வருஷம் 3,400 டாலர் வரை. குழந்தை பராமரிப்புக்கு டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ, 7,500 வரை. ரயில் பாஸுக்கு மாதம் 340 வரை. எல்லாமே வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடிப்பது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மூன்று வயது மகளின் டே கேருக்கு மாதம் 1,800 ஆகிறது. நான் ரயிலில் நியூயார்க் போய் வருகிறேன். ஆபீசில் லேஆஃப் (ஆள்குறைப்பு) பேச்சு அடிபடுகிறது. போடலாமா?

கடன்வேண்டாம்:
போடாதீர்கள். போன வருஷம் எனக்கு நடுவில் வேலை போனது. ஹெல்த் எஃப்எஸ்ஏ-வில் பிடித்து, நான் செலவழிக்காமல் வைத்திருந்த பணம் அப்படியே கம்பெனிக்குப் போய்விட்டது. ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாளுக்குள் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் அடுத்த கம்பெனியைப் பிடிக்க வேண்டும். அப்போது வாடகைக்கு உதவாத பணம் எதற்கு? வருஷத்துக்கு எவ்வளவு மருந்து, எத்தனை டாக்டர் என்று நவம்பரிலேயே யாரால் சொல்ல முடியும்?

கணக்கன்:
அண்ணா, உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மூன்றும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

முதலில் டிபென்டென்ட் கேர். 7,500-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 625. எடிசன்வாசி டே கேருக்குக் கொடுப்பது 1,800. பிடித்த பணத்தைவிடச் செலவு எப்போதும் முன்னால் ஓடுகிறது. மார்ச்சில் வேலை போனாலும் அதுவரை பிடித்ததை அதுவரை கட்டிய பில்லைக் காட்டி வாங்கிவிடலாம். மாட்டிக்கொள்ள அதில் பணமே மிஞ்சாது. 1986-லிருந்து 5,000-லேயே நின்ற வரம்பு (கொரோனா காலத்தில் 2021-க்கு மட்டும் ஏற்றினார்கள்) 2025-ல் வந்த சட்டத்தால்தான் 2026-லிருந்து 7,500 ஆனது. 22 சதவீத வரி வரம்பில் இருந்தால் அந்த வரியோடு 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் மிச்சம். மொத்தம் 2,200 டாலருக்கு மேல்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் கிடையாது. 10 வருஷம் கட்டி முடிக்காமல் ஊர் திரும்புகிறவருக்கு அந்தப் பணம் போனது போனதுதான். அதைக் குறைக்க நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் வழிகள் மிகக் குறைவு.

கடன்வேண்டாம்:
டே கேர் வரைக்கும் சரி. ஹெல்த் எஃப்எஸ்ஏ-வுக்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன்:
அதில் விதி வேறு. வருஷம் முழுவதற்கும் சொன்ன தொகை முதல் நாளே உங்கள் கையில். 3,400 என்று போட்டுவிட்டு ஜனவரியிலேயே கண் லேசர் சிகிச்சைக்கு முழுசையும் செலவழித்து மார்ச்சில் வேலை போனாலும், பிடிக்காத மீதியைக் கம்பெனி திருப்பிக் கேட்க முடியாது. லேஆஃப் பயம் இருந்தால் செலவை முன்னாலே வையுங்கள்.

கடன்வேண்டாம்:
கம்பெனி பணத்தில் சிகிச்சை செய்துகொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை.

கணக்கன்:
நீங்கள் செலவழிக்காமல் விட்டது கம்பெனிக்குப் போனதே, அதே விதியின் மறுபக்கம்தான் இது. இரண்டு பக்கமும் தெரிந்துதான் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

மழலை_சார்லட்:
என் கணவர் ஹெச்1பி, நான் ஹெச்4 (ஹெச்1பி-காரரின் மனைவிக்கான விசா). எனக்கு ஈஏடி (வேலை செய்யும் அனுமதி) இல்லை. குழந்தையை வாரத்தில் மூன்று நாள் டே கேரில் விடுகிறோம், ஆனாலும் எங்களால் டிபென்டென்ட் கேரைத் தொட முடியாது. இருவருமே சம்பாதிக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவர் முழுநேர மாணவராகவாவது இருக்க வேண்டும். வேலைக்குப் போகவே அனுமதி தராத அரசு, வேலைக்குப் போகவில்லை என்று சலுகையையும் மறுப்பது எந்த நியாயம்? வெறும் கணக்காக இதைப் பேசும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்த் எஃப்எஸ்ஏ மட்டும் போடுகிறோம். போன கோடையில் சென்னையில் ரூட் கெனால் செய்துகொண்டேன், வெளிநாட்டுச் சிகிச்சைக்கும் பணம் கிடைக்கும். ஆனால் முதல் ரசீதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் லெட்டர்பேடில் "பல் சிகிச்சை, பணம் பெற்றேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். என் பெயர், தேதி, என்ன சிகிச்சை, எவ்வளவு என்று எல்லாம் போட்டு அண்ணன் மறுபடி வாங்கி அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது.

எடிசன்வாசி:
நன்றி. டிபென்டென்ட் கேர் முழுசாக 7,500. ஹெல்த்தில் மூக்குக்கண்ணாடிக்கும் பல்லுக்கும் சேர்த்து 1,200 மட்டும். ரயில் பாஸை மாதாமாதம் மாற்றலாம் என்று ஹெச்ஆர் சொன்னார்கள், அதனால் அதுவும்.

கடன்வேண்டாம்:
ரயில் கணக்கில் பணத்தைச் சேர விடாதீர்கள், வேலையை விட்டால் மிச்சம் திரும்பாது. அப்புறம் ஒன்று. உங்கள் டே கேர் லைசன்ஸ் உள்ள இடமா, வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டியா? வரி தாக்கல் செய்யும்போது 2441 படிவத்தில் அவர்களுடைய வரி எண் கேட்பார்கள். ரொக்கமாக வாங்கும் ஆன்ட்டிகள் பலர் கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள்.