11:40 மணிக்குத் திறக்காத சாப்பாட்டுப் பெட்டி

குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், சத்தி என்று வருத்தம் பரவும்போது எங்கள் பள்ளிக்கூடங்கள் எப்படிச் சமாளித்தன என்று இங்கே கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் 2018இலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் வேலை. ஆனால் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் வெளியே வரும். காலை ஏழு மணிக்கு ரைலனோல் என்கிற காய்ச்சல் மருந்தைக் குடித்துவிட்டு வந்த பிள்ளை முதல் இரண்டு பாடமும் நன்றாகத்தான் இருக்கும். மருந்து நாலைந்து மணித்தியாலம் காய்ச்சலைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். 11:40க்கு எல்லாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க, அந்தப் பிள்ளை மட்டும் மேசையில் தலையை வைத்துக் கிடக்கும். கழுத்தைத் தொட்டால் சுடும்.

தொடக்கத்தில் இதைப் பார்த்தால் பெற்றோர் மேல் எனக்குக் கோபம்தான் வரும். தெரிந்துகொண்டே அனுப்புகிறார்களே, பக்கத்தில் இருக்கிற மற்றப் பிள்ளைகளின் கதி என்ன என்று. பிறகு ஒஃபிஸில் நின்று அந்த அம்மாக்களுடன் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. பிள்ளைக்கு வருத்தம் என்றால் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் தருகிற குடும்பப் பொறுப்பு லீவு வருடத்துக்கு 3 நாள், அதுவும் சம்பளம் இல்லாமல். தொழிற்சாலையில் பொதி கட்டுகிற ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால் அந்த 3 நாளும் நவம்பரிலேயே முடிந்துவிடும். 'வருத்தம் என்றால் வீட்டில் வையுங்கள்' என்று கடிதம் அனுப்புவது லேசு. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

2022 நவம்பரை இங்கே இருப்பவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் சுவாசத்தைப் பாதிக்கிற ஆர்.எஸ்.வி வைரஸ், இன்ஃபுளுவென்சா, கோவிட் மூன்றும் ஒன்றாக வந்தன. ரொறொன்ரோவின் பிள்ளைகள் ஆஸ்பத்திரியான சிக்கிட்ஸில் தீவிர சிகிச்சைக்கு இடம் வேண்டும் என்று சத்திர சிகிச்சைகளைக் குறைத்தார்கள், மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கீரன் மூர் மறுபடி மாஸ்க் போடச் சொன்னார். பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து எந்தக் கடையிலும் இல்லை, கடைசியில் வெளிநாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போத்தல்களை இறக்கினார்கள். எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பில் ஒரு நாள் 24 பேரில் 13 பேர்தான் வந்திருந்தார்கள்.

அந்தக் கிழமைதான் அதிபர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளைக்குக் கொடுக்கிற சான்றிதழை நிறுத்தினார். எனக்கு அது மிகச் சரி என்று பட்டது, அந்தக் கடதாசிக்காகவே இருமிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் பெரிது. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் பெற்றோருக்குப் பதிலாக வந்து கூட்டிக்கொண்டு போகக்கூடிய இரண்டு பேரின் பெயரை எல்லாக் குடும்பமும் படிவத்தில் எழுத வேண்டும். நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தன, யாரையும் தெரியாது. அதிபரும் பங்குத் தந்தையும் கதைத்து, பகலில் வீட்டில் இருக்கிற ஆட்களை அந்தக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீரோடு உட்கார்ந்து முகம் பார்த்துக் கதைத்தோம். பிறகு பெற்றோரே பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். நான் மூன்று குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

முதல் கூப்பிட்டது ஒரு பிலிப்பீன்ஸ் அம்மா. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. கூட்டிவந்து சோபாவில் படுக்க வைத்தேன், மருந்துக்கு அம்மாவிடம் கேட்டு அளவு குறித்துக்கொண்டேன். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துவிட்டுச் சீனி கேட்டாள். பின்னேரம் ஆறரைக்கு அம்மா வேலைச் சப்பாத்தோடு ஓடி வந்து வாசலில் நின்று அழுதார். என்னை 'ஆதே' என்று கூப்பிட்டார், அவர்கள் பாஷையில் அக்கா என்று பிறகுதான் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பூசையிலும் மாற்றம் வந்தது. சமாதானம் சொல்லும்போது கை கொடுக்காமல் தலை குனிவது, நற்கருணையைக் கையில் மட்டும் வாங்குவது, தீர்த்தத் தொட்டியை வெறுமையாக வைப்பது. பெப்ரவரி 3 புனித பிளேஸ் திருநாள், தொண்டை வருத்தத்துக்குப் பாதுகாவலர் அவர். அதற்கு முந்திய நாள் மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்த இரண்டு திரிகளைக் குறுக்காகக் கட்டி ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து ஆசீர்வதிப்பது வழக்கம். அந்த வருடம் பாதர் யார் கழுத்திலும் வைக்கவில்லை. பீடத்தில் நின்று எல்லாரையும் சேர்த்து ஆசீர்வதித்தார், வீட்டில் படுத்திருக்கிறவர்களையும் வகுப்பு வகுப்பாகச் சொல்லி.

*

சாப்பாட்டு நேரம் பார்க்கிற அக்கா, நீங்கள் சொன்ன அந்த ரைலனோல் கொடுத்து அனுப்புகிற ஆட்களில் நானும் ஒருவன்.

மனைவி இரவு வேலை, நான் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிடுவேன். அன்றைக்கு மகனுக்கு 38.4. மருந்தைக் கொடுத்து, பின்னேரம் பார்ப்போம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து கோல் வந்தது. ஏச்சு விழும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். செக்ரெட்டரி கேட்டது ஒன்றுதான்: 'எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தீர்கள்? அடுத்த முறை கொடுக்க நேரம் தெரிய வேண்டும்.' அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னேன். ஏசியிருந்தால் மருந்தே கொடுக்கவில்லை என்று பொய்தான் சொல்லியிருப்பேன். மனைவி நித்திரையால் எழும்பி பஸ் பிடித்துப் போகும்வரை ஒஃபிஸுக்குப் பக்கத்து அறையில் போர்வையோடு படுக்க வைத்து, செக்ரெட்டரி அடிக்கடி எட்டிப் பார்த்திருக்கிறார்.

அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது நாங்களே காலையில் போன் பண்ணி வரமாட்டான் என்று சொன்னோம், சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை என்று நான் நின்றேன். காலைச் செபத்தில் 'இன்றைக்கு வீட்டில் இருக்கிற எங்கள் நண்பர்களுக்காக' என்று ஒலிபெருக்கியில் சொல்வார்களாம். மகன் திரும்பிப் போன அன்று, 'அது உனக்குத்தான்' என்று பக்கத்து மேசைப் பையன் சொன்னானாம். வீட்டுக்கு வந்து மூன்று தரம் சொல்லிவிட்டான்.

*

நான் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில் மூன்றாம் வகுப்பு ரீச்சர். எங்களுக்குக் காய்ச்சலைவிடப் பெரிய அடி சத்தி வருத்தம்தான். கிறிஸ்மஸ் கொன்சேர்ட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒத்திகையில் ஜிம்மில் ஒரு பிள்ளை சத்தி எடுத்தது, இரண்டு நாளில் என் வகுப்பில் 9 பேர் விழுந்துவிட்டார்கள். கைக்குப் பூசுகிற ஜெல், இந்தச் சத்தி வருத்தத்தைக் கொண்டுவருகிற நொரோவைரசுக்குப் பெரிதாக வேலை செய்யாது, சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பள்ளியைத் துப்புரவாக வைத்திருக்கிற எங்கள் கெயார்டேக்கர். ஜிம்மை மூடி, பிளீச் கலந்த தண்ணீரால் கதிரைக் கால் வரைக்கும் துடைத்தார், கதவுப் பிடிகளை ஒரு நாளைக்கு மூன்று முறை. சத்தி நின்ற பிறகும் 48 மணித்தியாலம் பிள்ளையை வீட்டில் வைக்கச் சொன்னோம். வராத ரீச்சருக்குப் பதிலாக வருகிற சப்ளை ரீச்சர் கிடைக்காத நாட்களில் அதிபரே வந்து கணக்குப் படிப்பித்தார்.

அந்த 9 பேரும் கொன்சேர்ட்டில் போடுகிற இயேசு பிறப்பு நாடகத்தில் இடையர்கள். கொன்சேர்ட் அன்று ஏழாம் வகுப்புப் பெடியன்கள் அந்தக் குட்டைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு முழங்கால் தெரிய மேடையேறினார்கள். நல்லாய்த்தான் செய்தார்கள். ஆனால் என் பிள்ளைகள் ஒரு மாதமாகப் பாடிப் பழகிய பாட்டு அது. ஜனவரியில் திரும்பி வந்து 'எப்ப ரீச்சர் நாங்கள் பாடுவது' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சில இடங்களில் பாலன் குடிலை மெழுகுதிரித் திருநாள்வரை வைத்திருப்பார்கள். பாதரிடம் போய்க் கேட்டேன். சரி என்றார். பெப்ரவரி 2, பள்ளிப் பூசை முடிய, அதே சட்டையோடு 9 பேரும் குடிலுக்கு முன்னால் நின்று பாடினார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, பின்வரிசையில் கெயார்டேக்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.