‘தாத்தா வீடு’ குழுவில் அருணின் பிறந்தநாள் பேச்சு

*திங்கள்*

செந்தில் மாமா: வருகிற ஞாயிறு அருணுக்கு 21 முடிகிறது. வடபழனி கோயிலில் அர்ச்சனை, அப்புறம் ஏதாவது ஒரு இல்லத்தில் அவன் பெயரில் அன்னதானம். பணம் நான் போட்டுவிடுகிறேன் சுமதி.

லதா சித்தி: நல்ல யோசனை அண்ணா. குழந்தைக்குப் புண்ணியம்.

நிவேதா: மாமா, கோவித்துக்கொள்ளாதீர்கள். அருணும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். அவனைக் கேட்டோமா?

செந்தில் மாமா: கேட்டால் சொல்வானா அம்மா?

நிவேதா: பேச்சு வராவிட்டாலும் சொல்வான். நேரம்தான் ஆகும். டேப்லெட்டில் ஆவாஸ் செயலி இருக்கிறது மாமா, நம் சென்னையில் உருவாக்கியதுதான். படத்தைத் தேர்ந்தெடுத்தால் சொல்லாக வரும். பெரியம்மா ஒவ்வொரு படமாகக் காட்டுவார், அவன் கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். இப்போது மருந்து நேரம், எட்டரைக்குக் கேட்கலாம்.

சுமதி: கேட்டேன் அண்ணா. அவனே தேர்ந்தெடுத்ததை அப்படியே அனுப்புகிறேன்.

அருண்: கடல்

அருண்: கோகுல் நிவேதா

அருண்: அம்மா வேண்டாம்

லதா சித்தி: ஐயோ, அக்கா!

சுமதி: மூன்றாவதைத் தப்பாகத் தொட்டுவிட்டான் என்று நினைத்து மறுபடி கேட்டேன். கண் நேராக மேலே போனது. பிறந்ததிலிருந்து நான் இல்லாமல் அவன் வாசலைத் தாண்டியதில்லை. மனசு என்னவோ போல இருக்கிறது.

கோகுல்: அத்தை, எனக்கும் 24 ஆகிறது. என் பிறந்தநாளுக்கு அம்மாவையா கூட்டிக்கொண்டு போகிறேன்? அவனுக்கும் அந்த வயசுதானே.

பாட்டி *(குரல் பதிவு, எழுத்தில்: நிவேதா)*: அடியே சுமதி, பிள்ளை கேட்டதை ஏன் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்? போய் வரட்டும். நீயும் ஒருநாள் காலை நீட்டி உட்காரு. அர்ச்சனையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செந்தில் மாமா: சரி அம்மா. ஆனால் கோகுல், மெரினா மணலில் சக்கர நாற்காலி ஓர் அடி நகராதே. அவனுக்குக் கையும் கொடுக்காது, காலும் கொடுக்காது. அங்கே போய் என்ன செய்வான்?

கோகுல்: விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை இருக்கிறது அப்பா. 2022 நவம்பரில் திறந்தது, 263 மீட்டர், கடலுக்குக் கொஞ்சம் முன்னால் வரை போகும். திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் உடைந்து, அப்புறம் சரிசெய்தார்கள். அது வருவதற்கு முன் பெரும்பாலும் இவனைப் போன்றவர்களை யாராவது தூக்கிப் போனால்தான் உண்டு, இல்லையென்றால் சாலையிலிருந்தே பார்க்க வேண்டும்.

என்ன செய்வான் என்று கேட்டீர்களே. நாம் கடற்கரையில் என்ன செய்கிறோம்? காற்று வாங்குகிறோம், போகிற வருகிறவர்களைப் பார்க்கிறோம், சுண்டல் தின்கிறோம். அவனும் அதைத்தான் செய்வான்.

செந்தில் மாமா: அதுவும் சரிதான்.

கோகுல்: போன மாதம் அவனோடு போச்சா பயிற்சிக்குப் போனேன். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு. ஒரு வெள்ளைப் பந்து, ஆளுக்கு ஆறு சிவப்பு அல்லது நீலம். வெள்ளைக்கு யார் பந்து பக்கத்தில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பந்தைப் பிடிக்கவே முடியாதவர்களுக்கு பிசி3 என்று ஒரு பிரிவு. சறுக்குப் பலகையில் பந்தை வைத்து, தலையில் கட்டிய குச்சியால் தள்ளிவிடுவார்கள். பலகையை நகர்த்த ஓர் உதவியாளர் உண்டு, ஆனால் அவர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

அன்றைக்கு நான்தான் உதவியாளர். இன்னும் இடது, இன்னும் கொஞ்சம், நிறுத்து என்று எல்லாம் அவன் கண்தான் சொன்னது. பந்து எங்கே போனது என்றே எனக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படி இருந்தால் போதும் அப்பா. நாம் பலகையை நகர்த்துவோம், எங்கே என்று அவன் சொல்லட்டும்.

சுமதி: எல்லாம் சரிடா. கழிப்பறைக்கு என்ன வழி? யாரும் அதைப் பேசவில்லை. வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துத்தான் கொடுப்பேன். அது தப்பு, வெயிலில் வலிப்பு வந்துவிடும் என்று டாக்டர் திட்டுவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கதவு அகலமாக இருந்தால் மட்டும் போதுமா? 45 கிலோ பையனைப் படுக்கவைத்து மாற்ற ஒரு மேடை வேண்டுமே. கைக்குழந்தைக்கு வைக்கிறார்கள், வளர்ந்த பிள்ளைக்கு எங்கே இருக்கிறது? இத்தனை பெரிய பையனை ஆண்கள் பக்கம் நான் கூட்டிப்போவதா, பெண்கள் பக்கமா?

ரவி சித்தப்பா (பர்மிங்ஹாம்): அண்ணி, இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் இது 2021 முதல் கட்டாயம். பெரியவர்கள் படுக்கும் அளவு மேடை, தூக்கி வைக்க ஹாய்ஸ்ட், கூட வருகிறவர் நிற்க இடம். பெற்றோர்கள் பல வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியது.

நிவேதா: நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலும் பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிப் பிரிவே இருக்கிறது, 29, 30. கடலுக்குப் போகப் பாதை வந்த மாதிரி மேடையும் வர வேண்டும். நாம் கேட்கத்தான் வேண்டும். மனுவை நான் எழுதுகிறேன், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

லதா சித்தி: என் கையெழுத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு?

கோகுல்: மெரினா பக்கத்தில் திருவல்லிக்கேணியில் என் நண்பன் வீடு, தரைத்தளம். முன்னறையில் கட்டில் போட்டுத் தருகிறேன் என்றான். ஐந்தரைக்கு அங்கே மாற்றிவிட்டுத் திரும்பக் கடற்கரைக்கு. தண்ணீரைக் குறைக்காதீர்கள் அத்தை. தூக்கவும் மாற்றவும் கற்றுக்கொள்ள புதன் சாயங்காலம் நானும் அந்த நண்பனும் வருகிறோம்.

சுமதி: வா. அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது, தோள் விலகிவிடும். காட்டித் தருகிறேன்.

*புதன்*

சுமதி: பசங்க இரண்டு பேரும் வந்து கற்றுக்கொண்டார்கள். முதலில் பயந்தார்கள், அப்புறம் பரவாயில்லை. நிவேதா, உனக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சுண்டலை நன்றாக மசித்துக் கொடு, மிளகாய் வேண்டாம். தலை பின்னால் சாயக் கூடாது, தாடை கொஞ்சம் கீழே இருக்கட்டும். சின்ன ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். இருமினால் நிறுத்து. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஒன்று கேட்டால் பதிலுக்குக் காத்திரு. பத்து எண்ணும் வரை பேசாதே. நாம் அவசரப்பட்டு அடுத்த கேள்வி கேட்டால் முதல் கேள்வியின் பதில் போய்விடும்.

நிவேதா: சரி பெரியம்மா. யாராவது வந்து மடியில் காசு வைத்தால்?

சுமதி: முன்பு ஒருத்தர் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அவன் முகமே சரியில்லை. திருப்பிக் கொடுத்துவிடு. இவன் என் அண்ணன், கடல் பார்க்க வந்திருக்கிறான் என்று சொல்.

செந்தில் மாமா: வேன் பிடித்துக்கொள்ளுங்கள், காசு நான் தருகிறேன்.

அருண்: பஸ்

செந்தில் மாமா: பஸ்ஸா! சரி மருமகனே, உன் இஷ்டம்.

கோகுல்: தாழ்தளப் பேருந்தில் சாய்பலகை இருக்கிறது அப்பா, நாற்காலியோடு ஏற்றிவிடலாம். நேரம் பார்த்து வைக்கிறேன். திரும்பும்போது கூட்டமாக இருந்தால் வேன்.

*சனி*

கோகுல்: நாளை மூன்றரைக்கு வாசலில் இருப்பேன். பையை மட்டும் தயாராக வையுங்கள் அத்தை.

சுமதி: பை ஆயிற்று. லதாவும் நானும் சினிமாவுக்குப் போகிறோம். நீலச் சட்டையா சிவப்பா என்று அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டுக்கும் உதட்டை இறுக்குகிறான்.

அருண்: கருப்பு