மறுமொழி: "இடைக்காலக் கட்டளை" இங்கே பொருந்தாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வாழும் தந்தையிடமிருந்து பிள்ளைக்குரிய பணத்தைக் கேட்டுப் பெறும் வழிகளை விளக்கும் துண்டுப்பிரசுரத்துக்குச் சொற்கள் கேட்டிருந்தேன். திருகோணமலையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருப்பதால், இந்தச் சொற்களைக் காதால் கேட்கப்போகிறவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் பிடித்து வரும் தாய்மார் அவர்கள். வந்த மறுமொழிகளுக்கு நன்றி. "நிலுவை", "எதிர்மனுதாரர்", "வதிவிடம்" ஆகியவற்றில் கருத்து வேறுபாடு இல்லை.

> "ஜீவனாம்சம் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே, தாபரிப்பு எதற்கு?"

தமிழ்நாட்டு நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் பராமரிப்புச் செலவு கேட்கும் வழக்குக்கு எங்கள் நீதவான் நீதிமன்றங்களில் "தாபரிப்பு வழக்கு" என்றுதான் பெயர். மேலும் ஜீவனாம்சம் என்றதும் மணவிலக்குப் பெற்ற மனைவிக்குக் கொடுக்கும் தொகையே பலர் நினைவுக்கு வரும். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி பிள்ளை தன் உரிமையாகவே கேட்கிறது. பெற்றோர் மணம் செய்யாமல் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. 18 வயது கடந்தவரும் 25 வரை கேட்க இடமிருக்கிறது. ஆகவே "பிள்ளைத் தாபரிப்பு" என்றே வைத்துக்கொள்வோம்.

இனி, என்னால் விட்டுக்கொடுக்க முடியாத சொல்லுக்கு வருகிறேன்.

> "புரொவிஷனல் ஓடர் (provisional order) என்றால் இடைக்காலக் கட்டளைதானே. புதிதாகச் சொல் ஆக்கத் தேவையில்லை."

தேவை இருக்கிறது. இடைக்காலக் கட்டளை பிறப்பித்த உடனே செல்லுபடியாகும். இறுதித் தீர்ப்பு வரும்வரை ஆளைக் கட்டுப்படுத்தும். நாம் பேசும் கட்டளை அப்படிப்பட்டது அன்று. கணவன் இங்கிலாந்தில் இருக்கிறான், மனைவியும் பிள்ளையும் உப்புவெளியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரித்தானியா 1920 இல் ஒரு சட்டமும், இலங்கை 1921 இல் அதற்கு இணையான கட்டளைச் சட்டமும் இயற்றின. அவற்றின்படி இங்குள்ள நீதிமன்றம் எதிர்த்தரப்பு இல்லாமலேயே தாயின் சாட்சியத்தைக் கேட்டு ஒரு கட்டளை ஆக்கலாம். அந்தக் கட்டளைக்கு அந்த நிலையில் எந்த வலுவும் கிடையாது. சாட்சியப் பதிவுகளோடு அது அங்கே போகவேண்டும். அங்குள்ள நீதிமன்றம் அவனை அழைத்து விசாரிக்கும். இங்கே வந்திருந்தால் என்னென்ன எதிர்வாதம் சொல்லியிருப்பானோ அத்தனையையும் அவன் அங்கே சொல்லலாம். கேட்டபின் நீதிமன்றம் கட்டளையை அப்படியே ஏற்கலாம், தொகையை மாற்றி ஏற்கலாம், மேலும் சாட்சியம் வேண்டுமென்று இங்கே திருப்பியும் அனுப்பலாம். அதன் பிறகே பணம் பற்றிய பேச்சு.

இதைப் போய் "இடைக்காலக் கட்டளை கிடைத்துவிட்டது" என்று ஒரு தாயிடம் சொன்னால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? அடுத்த மாதம் பணம் வரும் என்று பள்ளிக்கூடச் செலவுக்குக் கடன் வாங்குவார். அந்தத் துன்பத்துக்கு நம் சொல் காரணமாகக் கூடாது.

யாழ்ப்பாணத்து ஐயா "உறுதிநாடு கட்டளை" என்று எழுதியிருந்தார். உறுதியை நாடி நிற்கும் கட்டளை என்ற பொருள் அழகுதான். ஆனால் இரண்டு நாடுகளுக்கிடையிலான விடயத்தில் "நாடு" என்ற வினையை யார் வினையாக வாசிப்பார்கள்? அதைவிடப் பெரிய இடைஞ்சல் "உறுதி". எங்கள் ஊரில் உறுதி என்றால் காணி உறுதி. உறுதி வேண்டும் என்று நீதிமன்ற வாசலில் சொன்னால், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து காணிப் பத்திரத்தை எடுத்து வந்துவிடுவார்கள். "முன்கட்டளை" என்பதும் வந்தது. அது சுருக்கமானது, ஆனால் எதற்கு முன் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

என் பரிந்துரை "ஏற்புவேண்டு கட்டளை". இன்னொரு நீதிமன்றம் ஏற்கவேண்டும் என்ற செய்தி சொல்லிலேயே இருக்கிறது. வினைத்தொகையாதலால் ககரம் மிகாது. அங்கே ஏற்றுக்கொண்ட பிறகு "ஏற்புற்ற கட்டளை" என்று சொல்லலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் படிநிலை தானாக விளங்கும். இன்னொரு வழியும் உண்டு: இருவரும் இங்கே இருந்தபோதே கிடைத்த முழுமையான கட்டளையை அங்குள்ள நீதிமன்றத்தில் பதிந்துகொள்வது. அதற்குப் "பதிவுக் கட்டளை" போதும்.

வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து தாபரிப்புப் பணம் பெறுவது பற்றிய 1956 ஆம் ஆண்டு நியூயோர்க் சமவாயத்தின் இரண்டு அலுவலகங்களுக்கும் "அனுப்பும் முகவரகம்", "பெறும் முகவரகம்" என்று எழுதியிருந்தீர்கள். முகவர் என்ற சொல்லை இங்கே எடுக்கவே வேண்டாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் முகவர் என்றால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர். "பணியகம்" என்றாலும் வேலைவாய்ப்புப் பணியகமே நினைவுக்கு வரும். "அனுப்பும் அலுவலகம்", "பெறும் அலுவலகம்" என்று வெறுமையாகவே எழுதலாம். இலங்கை 1958 இல் அந்தச் சமவாயத்தில் சேர்ந்தது. ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, சுவிட்சர்லாந்து எல்லாம் அதில் உள்ளன. கனடாவும் வளைகுடா நாடுகளும் இல்லை. பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கட்டார் போனவனின் மனைவி கடைசிப் பக்கம்வரை நம்பிக்கையோடு வாசிப்பார்.

அந்தச் சமவாயத்தில் எனக்குப் பிடித்த பகுதி விண்ணப்பம் பற்றியது. எதிர்மனுதாரரின் கடந்த ஐந்து ஆண்டு முகவரிகளைத் தெரிந்தவரை எழுதவேண்டும். விண்ணப்பிப்பவரின் படத்தோடு, கிடைத்தால் எதிர்மனுதாரருடைய படத்தையும் இணைக்கவேண்டும். தாய்மார் இன்றே செய்யக்கூடிய வேலை இது. பழைய கடித உறைகள், பணம் அனுப்பிய சீட்டுகள், கைபேசியில் வந்த முகவரி எதையும் எறியவேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

பிரசுரத்துக்கு நான் எழுதியிருக்கும் வாக்கியம் இது:

"திருகோணமலை நீதிமன்றம் உங்களுக்குத் தந்திருப்பது ஏற்புவேண்டு கட்டளை. இங்கிலாந்து நீதிமன்றம் அதை ஏற்கும்வரை பணம் கேட்க முடியாது. ஏற்றுக்கொண்டால் அது ஏற்புற்ற கட்டளை ஆகும். தொகை குறையவோ மாறவோ கூடும்."

உரக்க வாசித்துப் பாருங்கள். "ஏற்புவேண்டு" நாவில் இடறுகிறது என்றால் "ஏற்பு வேண்டிய கட்டளை" என்று பிரித்து எழுதவும் எனக்குச் சம்மதம். முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்களோடு பழகியவர்கள் குழுவில் இருந்தால், அங்கே "ஏற்பு" வேறு பொருளில் வழங்குகிறதா என்று அவசியம் எழுதுங்கள். பிரசுரம் அச்சுக்குப் போவதற்கு முன் அது எனக்குத் தெரிந்தாகவேண்டும்.