மறு: அஃப்ரமோமம் மெலகெட்டா – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் அஃப்ரமோமம் மெலகெட்டா என்ற காரமான நறுமண விதைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழைக்கு என் பதில் இது.

> ‘சொர்க்க மிளகு’ என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலப் பெயரும் அதுதானே?

அழகான பெயர்தான் ஐயா, ஆனால் அது வாங்கியவர்கள் வைத்த பெயர். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இந்த விதை சகாராவைக் கடந்து வணிகக் கூட்டங்களோடு ஐரோப்பாவுக்குப் போனது. எங்கே விளைகிறதென்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது; சொர்க்கத்துச் சரக்கு என்றால் விலைக்கும் நல்லது. பிறகு போர்த்துகீசியர் கப்பலிலேயே போய் வாங்கினார்கள். இன்றைய லைபீரியாவின் கரைக்கு ‘மெலகெட்டா கரை’ என்று இதன் பெயரே ஒட்டிக்கொண்டது. விளைவிக்கிறவர்கள் வழங்கும் பெயர்கள் வேறு: நைஜீரியாவின் யோருபா மொழியில் அட்டாரே, கானாவின் அகான் மொழியில் ஃபொம் விசா.

> அப்படியென்றால் ‘கினி மிளகு’?

சைலோபியா எத்தியோப்பிகா என்ற மரத்தின் காயையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டும் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பவை, குழப்பம் நிச்சயம். ‘மெலகெட்டா மிளகு’ என்றாலும் வம்புதான்: பிரேசிலில் மலகெட்டா என்பது ஒரு மிளகாய். காரத்தைப் பார்த்துப் பழைய பெயரைப் புதுச் சரக்குக்குச் சூட்டியிருக்கிறார்கள். நாம் ‘மிளகாய்’ என்று வைத்ததும் அந்த வழியில்தானே.

என் பரிந்துரை: மிளகேலம்.

செடி இஞ்சிக் குடும்பம், ஏலத்தின் உறவு. காயை உடைத்தால் உள்ளே செம்பழுப்பாகப் பொடிப்பொடி விதைகள். காரம் பாரடால், ஜிஞ்சரால், ஷோகால் ஆகிய வேதிப்பொருள்களால் வருகிறது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் இதில் வேலை செய்வதில்லை. நாக்கில் முதலில் மிளகுக் காரம், பின்னாலேயே ஏலமும் எலுமிச்சையும் கலந்த வாசம். பேரேலம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் மிளகேலமும் அதோடு சேர்ந்து நிற்கும். வால்மிளகு உண்மையிலேயே மிளகுக் குடும்பம், அதனால் அங்கே ‘மிளகு’ கடைசியில் வருவது சரி. இங்கே ‘ஏலம்’தான் கடைசியில் வரவேண்டும்.

> ஏலம் என்று முடிந்தால் பாயசத்தில் போட்டுவிடுவார்களே!

போடட்டுமே, அம்மா! இனிப்புக்கும் இது ஒத்துவரும். ஆனால் பதிவில் பயன்பாட்டையும் இரண்டு வரி எழுதிவிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் சூப், குழம்பு, இறைச்சி மசாலா. மொராக்கோவின் ராஸ் எல் ஹனூத் என்ற மசாலாப் பொடியில் ஒரு சேர்மானம். துனிசியாவில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், பட்டையோடு அரைத்து ஒரு ஐந்து சரக்குப் பொடி. வாசம் சீக்கிரம் போய்விடும், கடைசியில் இடித்துத் தூவுவதே நல்லது. இங்கிலாந்தில் நீர்த்த பீரைக் காரமாக்கப் போட்டிருக்கிறார்கள். 1816ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது: இந்த விதையை வைத்திருக்கும் பீர் வடிப்பவருக்கு 200 பவுண்டு அபராதம், அவருக்கு விற்ற மருந்துச் சரக்குக்காரருக்கு 500!

சமையலோடு நிறுத்திவிடக் கூடாது என்பதும் என் கருத்து. யோருபா வீடுகளில் பெயர்சூட்டு விழாவில் தேன், உப்பு, மென்று தின்னும் கோலாக் கொட்டையோடு அட்டாரேயும் இருக்கும். ஒரே காய்க்குள் அத்தனை விதை இருப்பதால் வம்சம் பெருகட்டும் என்று வாழ்த்துவார்கள். நைஜீரியாவின் இக்போ மக்கள் இதை ‘ஓசே ஓஜி’ என்பார்கள், கோலாவுக்கான மிளகு என்று பொருள். விருந்தினருக்குக் கோலா உடைத்துக் கொடுக்கும்போது இதுவும் தட்டில் வரும். இந்தச் சடங்குகளில் மெலகெட்டாவோடு அதன் நெருங்கிய இனங்களும் புழங்குகின்றன. சந்தையில் எல்லாம் முழுக்காயாக ஒரே பெயரில் விற்கும். ஆகவே மிளகேலத்தைத் தொகுதிப் பெயராக வைத்து, இனத்தைச் சுட்டவேண்டிய இடத்தில் ‘மெலகெட்டா மிளகேலம்’ என்று எழுதலாம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. எத்தியோப்பியாவின் கொரரிமா என்ற மசாலாச் சரக்கும் அதே அஃப்ரமோமம் பேரினம்தான், ஆனால் அதில் இந்தக் காரம் கிடையாது, அதை மிளகேலம் என்றால் பொருந்தாது. அங்கே வழங்கும் பெயரையே ‘கொரரிமா ஏலம்’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வேறு யோசனை இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.