சக்கர நாற்காலி குடுக்க முதல் என்ன பாக்கவேணும்? (முல்லைத்தீவு)

முல்லை_கழகம்:
வணக்கம். புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கட கழகத்துக்கு வெளிநாட்டு உறவுகள் 12 சக்கர நாற்காலி அனுப்பியிருக்கினம். 2009 சண்டையில முள்ளந்தண்டில காயப்பட்டு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாத ஆக்களுக்குக் குடுக்கிற யோசனை. எல்லாம் 18 அங்குல இருக்கை, மெத்தை இல்லை. முற்றம் எல்லாம் மணல். தொண்டர்மாருக்கு என்ன சொல்லிக் குடுக்கிறது?

வன்னி_பிசியோ:
தம்பி, மேடையில வைச்சுக் கையளிக்கிறதை விட்டிட்டு வீடு வீடாப் போய் அளவுங்கோ. ஆள் இருக்கேக்க இடுப்பின்ர ஆக அகலமான இடம் எவ்வளவோ, இருக்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கவேணும். 14 அங்குல இடுப்புக்காரர் 18 அங்குலத்தில இருந்தால் ஒரு பக்கம் சரிவார். பாரம் முழுக்க ஒரு பக்க இருப்பெலும்பில (இருக்கேக்க கீழ அழுத்துற குண்டி எலும்பு) விழும், அதிலதான் புண் வரும். ஆழத்துக்கு, பின்பக்கத்தில இருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து இரண்டு அங்குலம் கழியுங்கோ. கால்தட்டு உயர்ந்தால் முழங்கால் மேல எழும்பி, பாரம் திரும்பவும் அதே எலும்புக்குத்தான் போகும்.

மெத்தை இல்லாமல் ஒண்டும் குடுக்காதேங்கோ. மெத்தையில ஆளை இருத்தி, உள்ளங்கை மேல பாக்க இருப்பெலும்புக்குக் கீழ கையை விடுங்கோ. விரல் நுனியை அரை சென்ரிமீற்றர் மேல கீழ ஆட்ட ஏலுமெண்டால் சரி. நசிபட்டு அசைக்க ஏலாட்டி அந்த மெத்தை ஆகாது. நடுவில ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டவே வேண்டாம். அதின்ர விளிம்பு அழுத்தி, நடுத்தோலுக்கு இரத்தம் போறது குறையும்.

ஒவ்வொரு நாள் இரவும் கண்ணாடி பிடிச்சுத் தோலைப் பாக்கப் பழக்குங்கோ. எங்கட நிறத்தில சிவப்புத் தெரியாது. சுத்தியுள்ள தோலைவிடக் கறுத்து, சூடா, இறுகி இருந்தால் அது புண்ணின்ர தொடக்கம். அது மாறுமட்டும் அந்த இடத்தில பாரம் படக்கூடாது. கதிரையில இருக்கேக்க அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரண்டு நிமிசம் முன்னுக்குக் குனிஞ்சு நெஞ்சைத் தொடைக்குக் கிட்டக் கொண்டுபோகவேணும். கையை ஊண்டி ஒருக்கா எழும்பி உடனே இருக்கிறது காணாது.

சைக்கிள்_வேலை:
மணலில முன் சின்னச் சில்லுதான் புதையும். ஒடுக்கமான கட்டிச் சில்லெண்டால் முற்றத்தில அசையாது, அகலமான சில்லு போடவேணும். பின்சில்லு 24 அங்குலம் எண்டால் சைக்கிள் கடையில ரியூப் எடுக்கலாம், ரயரின்ர அகலத்தையும் சொல்லி வாங்குங்கோ. காத்துக் குறைஞ்சால் பிரேக்கும் பிடிக்காது, ஏனெண்டால் பிரேக் கட்டை ரயரைத்தான் அழுத்துது. கட்டிலுக்கு மாறேக்க கதிரை வழுக்கி ஆள் விழக்கூடும். குடும்பத்துக்கு ஒரு பம்பும் ஒட்டுச் சாமானும் சேத்துக் குடுங்கோ.

முல்லை_கழகம்:
நன்றி அண்ணை. வாசலில அரை அடிப் படி இருக்கிற வீடுகளுக்கு?

வன்னி_பிசியோ:
ஒரு அடி உயரத்துக்குப் 12 அடி நீளம், அப்ப அரை அடிக்கு 6 அடிச் சாய்தளம். சீமெந்து காய முதல் விளக்குமாறால குறுக்க இழுத்து விடுங்கோ, மழைக்கு வழுக்காது. கதவுக்கு முன்னால சமதளமும் வேணும், இல்லாட்டிக் கதவைத் திறக்கேக்க கதிரை பின்னுக்கு உருளும்.

இன்னொண்டு. கழுத்து மட்டத்திலயோ மேல் நெஞ்சு மட்டத்திலயோ முள்ளந்தண்டில காயப்பட்ட ஆளுக்குத் திடீரெண்டு தலையிடிச்சு முகம் வேர்த்தால் படுக்க விடாதேங்கோ. நிமித்தி இருத்தி, சலம் போகப் போட்ட குழாய் மடங்கியோ அடைச்சோ இருக்கா எண்டு பாருங்கோ. குறையாட்டி உடனே ஆசுப்பத்திரி. இரத்த அழுத்தம் ஏறி மூளையில இரத்தம் கசியலாம்.

அளவு பொருந்தாத கதிரையைத் திணிக்காமல் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்டக் கதையுங்கோ, அந்த அளவுக்குரிய ஆள் அவையின்ர பட்டியலில இருக்கலாம்.