பிரெஞ்சு பேசும் நாட்டில் பொறியியல் படிப்பதால் என்ன பயன்?

கேள்வி – இயந்திரவியல் மாணவர்

வணக்கம். இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். முதுநிலைக்குப் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, கனடாவின் கியூபெக் மாகாணம் ஆகிய இடங்களைப் பார்த்துவருகிறேன். ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் முதுநிலைப் படிப்புகள் அங்கே கிடைக்கும்போது, ஓராண்டைச் செலவிட்டுப் பிரெஞ்சு கற்பதால் ஒரு பொறியாளருக்கு என்ன கிடைக்கும்? ‘கூடுதலாக ஒரு மொழி தெரிந்திருக்கும்’ என்பதைத் தாண்டிய விடைகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1 – பிரான்சில் படித்தவர்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிரான்சில் ‘மாஸ்டர்’ பட்டமும் ‘தீப்லோம் தாஞ்ஜெனியர்’ எனும் பொறியாளர் பட்டமும் ஒன்றல்ல. இரண்டாவது, 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுவது. அதை வழங்கும் தகுதி எந்தக் கல்லூரிக்கு உண்டு என்பதை சேதேஇ எனப்படும் ஆணையம் அவ்வப்போது மதிப்பிடுகிறது. அதைப் பெற்றவருக்கு முதுநிலைத் தகுதியும் சேர்ந்தே கிடைத்துவிடும். அந்நாட்டு வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது இந்தப் பட்டம்தான். அதற்குரிய வகுப்புகளோ பெரும்பாலும் பிரெஞ்சில்தான் நடக்கின்றன.

அடுத்தது ‘ஸ்தாஜ்’, அதாவது தொழிலகப் பயிற்சி. பொறியாளர் பட்டத்துக்கு அது கட்டாயம். இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டால் நிறுவனம் ஊக்கத்தொகை தந்தாக வேண்டும். என் இறுதிப் பயிற்சியில் அதிர்வுச் சோதனை மேடை ஒன்றில் வேலை செய்தேன். எந்தத் திருகு முதலில் தளரும், எந்த உணரியின் அளவீட்டை நம்பக்கூடாது என்பவற்றை அறிக்கைகளில் நான் படிக்கவில்லை. மேடையை ஆண்டுக்கணக்கில் இயக்கிவந்த தொழில்நுட்பர் ஒருவர் காபி இடைவேளையில் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வராது. கூட்ட அறையில் ஆங்கிலம் போதும், பட்டறையில் போதாது.

மறுமொழி 2 – கணிதப் பித்தர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கற்க வேண்டியது அன்றாடப் பிரெஞ்சு மட்டுமன்று. அங்கே ‘போஸிதிஃப்’ (நேர் எண்) என்றால் பூச்சியமும் அடங்கும். பூச்சியத்தைவிடப் பெரியது என்று சொல்ல ‘ஸ்த்ரிக்த்மான் போஸிதிஃப்’ என்று எழுத வேண்டும். இது தெரியாமல், முதல் பருவத் தேர்வில் ‘போஸிதிஃப்’ என்று கொடுக்கப்பட்ட ஓர் எண்ணால் கூசாமல் வகுத்துவிட்டு, 20க்கு 8 வாங்கினேன். தேர்ச்சிக்கு 10 வேண்டும். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவது கைக்குப் பழகிவிடும். ‘போஸிதிஃப்’ போன்ற சொற்கள்தாம் ஏமாற்றும். ஆனாலும், தேற்றத்தை நிறுவிக் காட்டிய பிறகே பயன்பாட்டுக்குச் செல்லும் அந்தக் கற்பிக்கும் முறை, பின்னாளில் உருவகப்படுத்தல் மென்பொருள் தரும் விடையைச் சந்தேகிக்கும் துணிவை எனக்குத் தந்தது. நான் பெற்றதில் பெரிது அதுவே.

மறுமொழி 3 – மொன்றியால்வாசி

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஈபிஎஃப்எல் எனும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும், முதுநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. எனவே அங்கே மொழி இல்லாமலும் படித்துவிடலாம். நான் வாழும் கியூபெக்கில் பொறியாளர் என்று பெயருக்கு முன் போட்டுக்கொள்ளவே அம்மாகாணப் பொறியாளர் சங்கத்தின் உறுப்புரிமை வேண்டும். அதற்குப் பிரெஞ்சு அறிவு தேவை. பிரான்சும் கியூபெக்கும் 2008இல் தொழில்தகுதிகளை ஏற்பது குறித்து ஓர் உடன்பாடு செய்துகொண்டதால், பிரான்சின் பொறியாளர் பட்டத்துடன் இங்கு வருபவருக்குப் பாதை சற்று எளிது. நீர், மின்சாரம், சாலை ஆகிய துறைகளில் ஆர்வம் இருந்தால், செனகல், கோட் டிவார் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் திட்ட ஆவணங்கள் பிரெஞ்சில்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பொறியாளர் பட்டத்துக்கே விண்ணப்பிக்க எண்ணுகிறேன். எந்த நிலை வரை மொழி கற்றுவிட்டுப் புறப்படுவது நல்லது?

மறுமொழி 1 – பிரான்சில் படித்தவர்

ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் பி2 நிலையை (பி1க்கு அடுத்த மேல்நிலை) இலக்காக வையுங்கள். பி1 நிலையில் விரிவுரை புரிந்துவிடும், பலகையில் எழுதுவதால். ஆய்வகத்தில் நால்வர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் குறை தெரியும்.